வன்னியிலிருந்து சட்டத்துறைக்கு: நேர்முகப் பரீட்சையும் தொழிலின் முதல் ஆண்டுகளும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களிலிருந்து சட்டம் படிக்கப் போனவர்களும், படித்து முடித்துவிட்டு அடுத்தது என்ன என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. வன்னியின் நீதிமன்றங்களில் தொழில் செய்யும் சட்டத்தரணி ஒருவரின் அனுபவத்திலிருந்தே பதில்கள் எழுதப்பட்டுள்ளன. ஆகவே கொழும்பின் பெரிய கம்பனிகளுக்கு வேலை செய்யும் சட்ட நிறுவனங்களைப் பற்றி அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்.

சட்டமாணிப் பட்டம் பெற்றவுடன் சட்டத்தரணியாகத் தொழில் செய்யலாமா?

முடியாது. பட்டத்தை யாழ்ப்பாணம், கொழும்பு, பேராதனை, திறந்த பல்கலைக்கழகம் ஆகியவற்றில் எங்கு பெற்றிருந்தாலும், புதுக்கடையிலுள்ள இலங்கை சட்டக் கல்லூரியின் பரீட்சைகளில் சித்தியடைந்து, செய்முறைப் பயிற்சியையும் மூத்த சட்டத்தரணி ஒருவரின் கீழ் ஆறு மாதப் பயிலுனர் காலத்தையும் முடித்து, உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்த பின்னரே ஒருவர் சட்டத்தரணியாகின்றார். பட்டதாரிகளுக்குக் கல்லூரியின் நுழைவுப் பரீட்சையிலிருந்து விலக்கு உண்டு. பட்டமளிப்பு விழாவுக்கும் சத்தியப்பிரமாணத்துக்கும் இடையில் கணிசமான காலம் ஓடிவிடும். முதல் நேர்முகங்கள் பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் வருகின்றன.

எந்தெந்த இடங்களில் நேர்முகத்தை எதிர்கொள்ள நேரும்?

முதலாவது நேர்முகம் பலருக்கு நேர்முகம் என்றே தெரிவதில்லை. மூத்த சட்டத்தரணி ஒருவரின் அலுவலக வாசலில், கட்சிக்காரர்கள் வாங்கில் காத்திருக்கும் நேரத்தில், "எந்த ஊர், எங்கே படித்தீர்" என்று தொடங்கும் பத்து நிமிடப் பேச்சே அது. அதற்கு அப்பால், சட்ட உதவி ஆணைக்குழுவின் மாவட்ட நிலையங்கள், இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகங்கள், காணி உரிமை, பெண்கள் பாதுகாப்பு, மீள்குடியேற்றம் ஆகிய விடயங்களில் வேலை செய்யும் அரச சார்பற்ற நிறுவனங்கள், வங்கிகளும் நிதிக் கம்பனிகளும், அரச திணைக்களங்களின் சட்ட உத்தியோகத்தர் பதவிகள் என்று பல கதவுகள் உள்ளன. சட்டத்தரணியான பின்னர் சட்டமா அதிபர் திணைக்களத்தின் அரச சட்டவாதி பதவிக்கும், நீதிச்சேவை ஆணைக்குழு நடத்தும் நீதிபதிகளுக்கான போட்டிப் பரீட்சைக்கும் விண்ணப்பிக்கலாம்.

இவை ஒவ்வொன்றும் வேறுவேறு ஆளைத் தேடுகின்றன. அரச சார்பற்ற நிறுவனம், கிராமத்துக்குள் இறங்கி மக்களுடன் பேசி, பிறகு ஆங்கிலத்தில் அறிக்கை எழுதக்கூடியவரைத் தேடுகின்றது. நிதிக் கம்பனிக்குக் கடன் அறவீட்டு வழக்குகளைத் தவணை தவறாமல் பின்தொடர்பவர் வேண்டும். இரண்டுக்கும் ஒரே தன்விபரக்கோவையை அனுப்புவது வீண் வேலை.

பயிலுனராகச் சேர ஒரு சீனியரை எப்படித் தேடுவது? எனக்கு இந்தத் துறையில் யாரையும் தெரியாது.

வன்னியில் சட்டம் படிப்பவர்களில் பெரும்பாலோர் அவர்களது குடும்பத்தின் முதல் சட்ட மாணவர்கள். ஆகவே யாரையும் தெரியாது என்பது உங்களுக்கு மட்டும் உரிய குறையன்று. செய்ய வேண்டியது எளிது, ஆனால் வெட்கத்தை விட வேண்டும். விடுமுறையில் ஊருக்கு வரும்போது உங்கள் மாவட்ட நீதிமன்றத்தின் அல்லது நீதவான் நீதிமன்றத்தின் திறந்த அமர்வில் பின்வரிசையில் போய் உட்காருங்கள். திறந்த நீதிமன்றத்தில் அமர்ந்து கேட்க ஒருவரிடமும் சிபார்சு தேவையில்லை. சில நாட்களிலேயே, யார் வழக்கேட்டை வாசித்துவிட்டு எழுந்து நிற்கின்றார், யார் எழுந்து நின்றபின் வாசிக்கின்றார் என்பது தெரிந்துவிடும். முதலாமவரிடம் போங்கள்.

அவர் ஊரில் பெயர் பெற்றவரா, கட்சிக்காரர்கள் வரிசையில் நிற்கின்றார்களா என்பது இரண்டாம் பட்சம். கூட்டம் மிகுந்த அலுவலகத்தில் பயிலுனர் பல நேரங்களில் தவணைத் திகதி எடுப்பவராகவும் புகைப்படப் பிரதி எடுப்பவராகவுமே ஆறு மாதத்தைக் கழித்துவிடுகின்றார். அதிகம் அறியப்படாத, ஆனால் வழக்குரையைத் தன் கையால் வரைகின்ற ஒருவரிடம் சேர்ந்தவர், அதே ஆறு மாதத்தில் சத்தியக்கடதாசி எழுதவும், நீதிமன்றத்திடம் கோரிக்கையை முன்வைக்கும் நகர்த்தல் பத்திரம் தயாரிக்கவும், பிணை மனுவுக்கு வேண்டிய விபரங்களைக் கட்சிக்காரரிடமிருந்து கேட்டெடுக்கவும் பழகிவிடுகின்றார். சேருவதற்கு முன்பே, "சேர், கோவைகளை வாசிக்க எனக்கு அனுமதி கிடைக்குமா?" என்று மரியாதையாகக் கேட்டுவிடுங்கள். அந்தக் கேள்வியை எந்த நல்ல சீனியரும் தவறாக எடுக்க மாட்டார். முகம் சுளிப்பவரிடம் சேராமல் விடுவதால் இழப்பு ஒன்றுமில்லை.

தொலைபேசியில் குறுஞ்செய்தி அனுப்பி இடம் கேட்பதை இங்குள்ள மூத்தவர்கள் பெரும்பாலும் விரும்புவதில்லை. நீதிமன்றம் கலைந்த பிறகு நேரில் போவதே முறை. திங்கட்கிழமைக் காலையில் மட்டும் போக வேண்டாம்.

நேர்முகத்தில் உண்மையில் என்னதான் கேட்பார்கள்?

பாடப்புத்தகக் கேள்விகள் வரும். ஆனால் அவை உங்களை வேறுபடுத்திக் காட்டுவதில்லை. எல்லோருமே அவற்றுக்குப் படித்துக்கொண்டுதான் வருகின்றார்கள். வன்னியில் ஆட்சேர்ப்புச் செய்பவர்கள் அறிய விரும்புவது, ஒரு கடதாசியைக் கையில் தந்தால் இவர் அதை வாசிப்பாரா, அல்லது வாசிக்காமலே பதில் சொல்லத் தொடங்குவாரா என்பதைத்தான். ஆகவே ஓர் உதாரணத்தைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

பிளாஸ்ரிக் உறைக்குள் மடித்து வைக்கப்பட்டு, மடிப்புகளில் கிழிந்துபோன காணி அனுமதிப்பத்திரம் ஒன்றை மேசையில் வைக்கின்றார்கள். பெயர் தகப்பனுடையது. அவர் இறந்துவிட்டார். பின்னுரித்தாளர் பெயர் எழுத வேண்டிய இடம் வெறுமையாக இருக்கின்றது. மனைவி உயிருடன் இருக்கின்றார். மூத்த மகன் கனடாவில் இருக்கின்றார். இரண்டாவது மகள் அந்தக் காணியில் வீடு கட்டிக் குடியிருக்கின்றார். அயலவர் ஒருவர், இறந்தவர் தனக்கு அரை ஏக்கரை விற்றதாக, முத்திரை ஒட்டிக் கையொப்பமிட்ட ஒரு கடிதத்தைக் காட்டுகின்றார். பன்னிரண்டு ஆண்டுகளாகத் தானே அதில் தென்னை வைத்துப் பயன் எடுப்பதாகவும் சொல்கின்றார். "இந்த அம்மா உங்களிடம் வந்தால் என்ன சொல்வீர்கள்?" என்பது கேள்வி.

அவசரக்காரர் உடனே தேசவழமைக்கு, அதாவது வடபகுதித் தமிழரின் மரபுச் சட்டத்துக்குப் போய், முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடியதேட்டம் (திருமணத்தின் பின் தேடிய சொத்து) என்று பங்கு பிரிக்கத் தொடங்குவார். இன்னொருவர், காணியைத் தன் கையில் வைத்துப் பயன்படுத்தும் ஆட்சி பத்து ஆண்டைக் கடந்துவிட்டதால் அயலவருக்கு உரிமை வந்துவிட்டது என்பார். இருவரும் கடதாசியின் தலைப்பை வாசிக்கவில்லை. அனுமதிப்பத்திரம் 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்டது. அக்காணியின் பின்னுரித்தை அச்சட்டமே தீர்மானிக்கின்றது. மரணசாதனம் இன்றி இறந்தவரின் சொத்துப் பற்றிய ஏனைய சட்டங்களை 170 ஆம் பிரிவு விலக்கிவிடுகின்றது. நீண்டகால ஆட்சியால் உரிமை பெறும் வழியை 161 ஆம் பிரிவு அடைத்துவிடுகின்றது. அனுமதிப்பத்திரக்காரர் தனிப்பட்ட கடிதத்தால் காணியை விற்க முடியாது. ஆகவே அயலவரின் கடிதம், அவர் கொடுத்த பணத்தைப் பற்றி வேறு கேள்விகளை எழுப்பலாமேயொழிய, காணி உரிமையைத் தராது. இறந்தவரின் துணைக்கு அச்சட்டத்தில் தனி இடம் உண்டு. ஆகவே பேச்சை அம்மாவிடமிருந்து தொடங்க வேண்டும். பிள்ளைகளைப் பொறுத்தவரை, 2022 ஆம் ஆண்டுத் திருத்தம் வரை அச்சட்டத்தின் அட்டவணை ஆண் பிள்ளைக்கே முன்னுரிமை தந்தது என்பதையும், இப்போது அந்தப் பாகுபாடு நீக்கப்பட்டுள்ளது என்பதையும் சொல்லத் தெரிந்தவர், மகளின் நிலையையும் சரியாக அணுகுவார்.

இவ்வளவையும் பிரிவு இலக்கத்துடன் ஒப்புவிக்க வேண்டும் என்று எவரும் எதிர்பார்ப்பதில்லை. "இது அனுமதிப்பத்திரமா, நிரந்தர அளிப்புப் பத்திரமா என்பதை முதலில் பார்க்கின்றேன், இறந்த திகதி எது, பிரதேச செயலகத்தின் காணிப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கின்றது என்பதை அறிந்த பிறகுதான் அம்மாவுக்குப் பதில் சொல்வேன்" என்று ஒருவர் சொன்னாலே, கேள்வி கேட்டவர் பேனையை எடுத்து ஏதோ குறிப்பார்.

அப்படியானால் எதைப் படித்துவிட்டுப் போக வேண்டும்?

நீங்கள் விண்ணப்பிக்கும் ஊரின் வழக்குகளைப் படித்துவிட்டுப் போக வேண்டும். மேலே சொன்ன காணிச் சட்டத்தோடு, சமாதானக் குலைவு ஏற்படக்கூடிய காணிப் பிணக்குகளைப் பொலிசார் நீதிமன்றத்துக்குக் கொண்டுவரும் 66 ஆம் பிரிவு, அதாவது 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடபடிமுறைச் சட்டத்தின் அந்தப் பிரிவு, இங்கு அன்றாடச் சோறு. அதன் கீழ் நீதிமன்றம் முடிவு செய்வது உரித்தையா (சட்டப்படி யாருக்குச் சொந்தம்), உடைமையையா (இப்போது யார் கையில் உள்ளது) என்பதைத் தடுமாறாமல் விளக்கத் தெரிந்திருக்க வேண்டும். உடைமையைத்தான், உரித்தை மாவட்ட நீதிமன்றத்தில் தனியாக நிலைநாட்ட வேண்டும். இதனுடன் 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டம், 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 1997 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கப் பிணைச் சட்டம் ஆகியவற்றைப் படித்தால் நீதவான் நீதிமன்றத்தின் பெரும்பகுதி உங்களுக்குப் பிடிபடும். மணல் ஏற்றிய ரிப்பர் வழக்குகளும், வனப் பாதுகாப்புத் திணைக்களம் எல்லைக்கல் நாட்டிய பிறகு எழும் வழக்குகளும் இந்த மண்ணுக்கே உரியவை.

போரினால் காணியைவிட்டு வெளியேறியவர்களின் உரிமையைப் பற்றிப் பேச்சு வந்தால், 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டத்தை நினைவில் வைத்திருங்கள். 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தில் தம் காணிக்குப் போக முடியாதிருந்தவர்களுக்கு எதிராகப் பத்து ஆண்டு ஆட்சியைக் கணக்கிடுவதைத் தடுத்த சட்டம் அது. அச்சட்டம் வழக்கிடுவதற்கு அளித்த காலம் குறுகியது என்பதால் பலர் அதன் பயனைப் பெறாமலே போனார்கள். நேர்முகத்தில் அதையும் சேர்த்துச் சொல்பவர், சட்டத்தை வாசித்ததோடு ஊரையும் பார்த்திருக்கின்றார் என்பது விளங்கும்.

மன்னாரில் விண்ணப்பிப்பவர்கள் 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தையும் காதி நீதிமன்றத்தின் அதிகாரத்தையும் பார்க்காமல் போகக் கூடாது.

என் ஆங்கிலம் பலவீனமானது. அது என்னை வெளியேற்றிவிடுமா?

வடக்கு, கிழக்கு நீதிமன்றங்களின் மொழி தமிழ். அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரையின்படி, தமிழ் நிருவாக மொழியாக உள்ள பகுதிகளில் நீதிமன்றப் பதிவுகளும் நடவடிக்கைகளும் தமிழில் நடைபெறுகின்றன. ஆகவே கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வழக்குப் பேச நல்ல தமிழ் வேண்டும். அந்த நல்ல தமிழே இன்று பல விண்ணப்பதாரர்களிடம் இல்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். "முறைப்பாட்டாளர்", "சந்தேகநபர்", "எதிரி" ஆகிய மூன்றையும் ஒன்றுக்கொன்று மாற்றிப் பயன்படுத்தும் ஒருவரின் வரைவை எந்த நீதவானும் பொறுமையாக வாசிக்கப் போவதில்லை.

ஆனாலும் ஆங்கிலத்தைத் தட்டிக்கழிக்க முடியாது. சட்ட அறிக்கைகளிலுள்ள தீர்ப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன; வழக்கு மேன்முறையீட்டுக்குப் போனால் கொழும்பில் ஆங்கிலத்தில் வேலை செய்ய வேண்டும். நிறுவனங்களின் நேர்முகம் பாதியாவது ஆங்கிலத்தில் நடக்கும். இதற்கு ஒரு நடைமுறை வழி உண்டு. நீங்கள் நீதிமன்றத்தில் நேரில் பார்த்த வழக்கு ஒன்றை எடுத்து, யார், எப்போது, எதற்காக, நீதிமன்றம் என்ன சொன்னது என்பதைச் சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களில் சொல்லிப் பழகுங்கள். அடுத்த கிழமை இன்னொரு வழக்கு. மனப்பாடம் செய்த அறிமுக உரையைக் குழுவினர் முதல் வாக்கியத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்; தடுக்கித் தடுக்கிச் சொன்னாலும் நீங்களே பார்த்த விடயம் கேட்பவர் காதில் நிற்கும். கேள்வி விளங்காவிட்டால் விளங்கியதுபோலத் தலையாட்டாமல், திரும்பக் கேளுங்கள்.

சிங்களம் தெரிந்தால் அது வன்னியில் பெரிய பலம். வெளிமாவட்டத்திலிருந்து வரும் பொலிஸ் உத்தியோகத்தர்களின் குறிப்புகளும் பல திணைக்களங்களின் கடிதங்களும் சிங்களத்திலேயே வருகின்றன. எழுத்துக்கூட்டி வாசிக்கும் அளவு தெரிந்தாலும் தன்விபரக்கோவையில் எழுதுங்கள், ஆனால் அந்த அளவுதான் என்பதையும் உண்மையாக எழுதுங்கள்.

காணாமற்போனோரின் குடும்பங்களுடன் வேலை செய்யும் நிறுவனத்துக்கு விண்ணப்பித்துள்ளேன். எப்படித் தயாராவது?

சட்டத்தை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இறப்புப் பதிவு தற்காலிக ஏற்பாடுகள் சட்டம் காணாமற்போனவருக்கு மரணச் சான்றிதழ் பெற வழி செய்தது. மரணச் சான்றிதழை ஏற்க மனமில்லாத குடும்பங்களுக்காக, 2016 ஆம் ஆண்டுத் திருத்தம், காணாமற்போனமைக்கான சான்றிதழ் என்னும் மற்றொரு வழியைச் சேர்த்தது. அதே ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டம் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தை நிறுவியது. இவற்றுக்கிடையிலான வேறுபாடு, வங்கிக் கணக்கு, காணி, பிள்ளைகளின் பாதுகாவல் ஆகியவற்றில் எப்படித் தாக்கம் செலுத்துகின்றது என்பதை விளக்கத் தெரிய வேண்டும்.

சட்டத்தைவிடக் கடினமானது அடுத்தது. "ஒரு தாய் எந்தச் சான்றிதழும் வேண்டாம் என்கின்றார், ஆனால் பெயர் மாற்றப்படாத காணியால் அவருடைய பேரப்பிள்ளைகளுக்கு உதவித்திட்டம் கிடைக்கவில்லை, என்ன செய்வீர்கள்?" என்ற வகையான கேள்வி வரும். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 இல் தொடங்கிய உறவினர்களின் போராட்டப் பந்தலைத் தாண்டி ஒருமுறையேனும் போனவருக்கு, அந்தத் தாயிடம் சான்றிதழை வற்புறுத்துவது என் வேலையில்லை என்பது தெரிந்திருக்கும். விளைவுகளை விளக்குவது, எழுதிக் கொடுப்பது, முடிவை அவரிடம் விடுவது, அந்த முடிவை வைத்துக்கொண்டு பிரதேச செயலகத்தில் வேறு வழி உண்டா என்று தேடுவது என்று பதில் சொல்வது பொருத்தம். ஒருவரின் கதையை அடையாளம் தெரியும்படி நேர்முகத்தில் எடுத்துச் சொல்லி உங்கள் அனுபவத்தை நிரூபிக்க முயல வேண்டாம். இரகசியம் காக்கத் தெரியாதவர் என்ற முடிவுக்கு வர அதுவே போதும்.

போர்க்காலத்தில் என் குடும்பம் என்ன ஆனது என்று கேட்டால் சொல்ல வேண்டுமா?

இன்று விண்ணப்பிப்பவர்களில் பெரும்பாலோர் 2009 இல் சிறுவர்கள். அந்த ஆண்டைப் பற்றிய கேள்வி சில வேளை அக்கறையினாலும், சில வேளை வெறும் ஆர்வத்தினாலும் வருகின்றது. எவ்வளவு சொல்வது என்பது உங்கள் உரிமை. "எங்கள் குடும்பமும் இடம்பெயர்ந்தது, அதனால் என் படிப்பு இரண்டு பாடசாலைகளில் தொடர்ந்தது" என்ற அளவில் நிறுத்திவிட்டு அடுத்த கேள்விக்குக் காத்திருக்கலாம். துயரத்தைத் தகுதியாக முன்வைக்கவும் வேண்டாம், அதை மறைக்க வேண்டிய குறையாகவும் நினைக்க வேண்டாம்.

சான்றிதழ்களில் என் பெயர் வேறுவேறு விதமாக உள்ளது. இது சிக்கலா?

சிக்கல்தான், அதுவும் கடைசி நேரத்தில் வெளிவரும் சிக்கல். இடப்பெயர்வில் பிறப்புச் சான்றிதழைத் தொலைத்துவிட்டுப் பின்னர் பிரதி எடுத்தவர்கள், உத்தேச வயதுச் சான்றிதழுடன் அடையாள அட்டை பெற்றவர்கள், தகப்பன் பெயரின் முதலெழுத்து ஆங்கிலத்தில் ஒரு பத்திரத்தில் ஒரு விதமாகவும் இன்னொன்றில் வேறு விதமாகவும் இருப்பவர்கள் வன்னியில் ஏராளம். பிறப்புச் சான்றிதழ், ஆள் அடையாள அட்டை, க.பொ.த. உயர்தரச் சான்றிதழ், பட்டச் சான்றிதழ் ஆகியவற்றை ஒரு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முரண்பாடு இருந்தால் இரண்டாம் ஆண்டிலேயே திருத்த வேலையைத் தொடங்குங்கள். சத்தியப்பிரமாணத்துக்கு விண்ணப்பிக்கும் கிழமையில் கச்சேரிக்கும் பதிவாளரிடமும் ஓடுவது நல்லதல்ல.

சம்பளத்தைப் பற்றிக் கேட்கலாமா?

நிறுவனங்களில் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். அவர்கள் உங்களிடம் எதிர்பார்ப்பைக் கேட்டால், முந்தைய விளம்பரங்களில் அதே பதவிக்குக் குறிப்பிட்ட தொகையைப் பார்த்து வைத்துக்கொண்டு ஒரு தொகையைச் சொல்லுங்கள். "நீங்கள் பார்த்துத் தாருங்கள்" என்பது அடக்கமாகத் தோன்றினாலும் உங்களுக்கே நட்டம்.

சீனியரின் அலுவலகத்தில் நிலைமை வேறு. பயிலுனருக்குப் பெரும்பாலும் கொடுப்பனவு கிடைப்பதில்லை, அல்லது பேருந்துச் செலவுக்குப் போதுமான ஏதோ கிடைக்கும். புதுக்குடியிருப்பிலிருந்து முல்லைத்தீவுக்கோ, பூநகரியிலிருந்து கிளிநொச்சிக்கோ நாள்தோறும் வருபவருக்கு அந்தப் பேருந்துச் செலவே சிறிய விடயமில்லை. ஆகவே முதல் நாளிலேயே போக்குவரத்தைப் பற்றிப் பேசிக்கொள்வது அவமரியாதையாகாது. சத்தியப்பிரமாணம் செய்த பின்னரும் ஜூனியராகத் தொடர்ந்தால், எந்த வேலைக்கு எவ்வளவு என்பதை வாய்மொழியாகவேனும் தெளிவாக்குங்கள். "பிறகு பாப்பம்" என்ற பதிலோடு ஓர் ஆண்டைக் கடத்தியவர்கள் பலர். அதை மூத்தவர்களின் கொடுமை என்று மட்டும் சொல்லிவிட முடியாது, அவர்களும் அப்படித்தான் வளர்ந்தார்கள். ஆனால் அந்த வழக்கம் தொடர்வதற்கு நியாயம் எதுவும் இல்லை.

பெண் விண்ணப்பதாரர்களிடம் திருமணத்தைப் பற்றிக் கேட்கின்றார்கள். என்ன பதில் சொல்வது?

கேட்கக் கூடாத கேள்விதான். ஆயினும் கேட்கின்றார்கள். அந்தக் கேள்விக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது, இவர் மல்லாவியிலும் துணுக்காயிலும் களவேலைக்குப் போவாரா, கொழும்புக்கு இரவுப் பேருந்தில் போக வேண்டிவந்தால் போவாரா என்ற சந்தேகம். சொந்த வாழ்க்கைக்குள் போகாமல் அந்தச் சந்தேகத்துக்கு மட்டும் பதில் சொல்லுங்கள்: "களவேலை, பயணம் இரண்டுக்கும் நான் ஆயத்தமாக உள்ளேன், நிறுவனம் போக்குவரத்து ஒழுங்கு என்ன செய்கின்றது என்பதை அறிய விரும்புகின்றேன்." கேள்வி அதற்குப் பிறகும் திருமணத்தையே சுற்றினால், அந்த இடத்தில் வேலை செய்வது எப்படியிருக்கும் என்பதை நீங்களும் அறிந்துகொண்டீர்கள்.

வன்னியின் நீதிமன்றங்களுக்கு வரும் பராமரிப்பு வழக்குகளிலும் குடும்ப வன்முறை வழக்குகளிலும் பெண் சட்டத்தரணியிடமே பேசுவேன் என்று காத்திருக்கும் பெண்கள் இருக்கின்றார்கள். தொழிலின் கண் கொண்டு பார்த்தாலும் அது பெரிய இடம்.

கொழும்பில் தொடங்குவதா, ஊரில் தொடங்குவதா?

கம்பனிச் சட்டம், வரி, அறிவுசார் சொத்து ஆகியவற்றில் ஈடுபாடு உள்ளவர்கள் கொழும்பில்தான் தொடங்க வேண்டும். இங்கே அதற்கான வேலை மிகக் குறைவு. வழக்காடுவதே விருப்பம் என்றால் ஊரில் தொடங்குவதற்கு வலுவான காரணம் உண்டு. கொழும்பில் பெரிய அறை ஒன்றில் ஜூனியராக இருப்பவர் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யப் பல ஆண்டு காத்திருக்க நேரலாம். கிளிநொச்சியிலோ மன்னாரிலோ முதல் ஆண்டிலேயே அந்த வாய்ப்பு வரும், ஆயத்தம் போதாவிட்டாலும் வரும். இதில் ஆபத்தும் உண்டு: விரைவில் வழக்குக் கிடைப்பதால் வாசிப்பதை நிறுத்திவிடுபவர்களும் உண்டு. மேன்முறையீட்டு வேலையைப் பழகுவதற்காகக் கொழும்பிலுள்ள ஒருவருடன் தொடர்பை வைத்துக்கொண்டு ஊரில் தொழில் செய்வது பலருக்கும் பொருந்தும் வழி என்பது எனது கருத்து.

நொத்தாரிசு அனுமதியும் பெற வேண்டுமா?

பெறுவது நல்லது, முதல் ஆண்டுகளில் வருமானத்துக்குக் காணி உறுதி முடிப்பதே கைகொடுக்கும். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி காணிக் கைமாற்றம் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளுடன் எழுதப்பட வேண்டும். ஒவ்வொரு மாதமும் முடித்த உறுதிகளின் இரண்டாம் பிரதிகள் அடுத்த மாதம் 15 ஆம் திகதிக்கு முன் காணிப் பதிவகத்துக்குப் போய்ச்சேர வேண்டும். இந்தத் திகதியைத் தவறவிடுபவரின் பெயர் அலுவலகத்துக்குள்ளேயே கெட்டுப்போகும்.

வன்னியில் நொத்தாரிசுக்கு வரும் மிகப் பெரிய சோதனை, பெர்மிட் காணியை, அதாவது அனுமதிப்பத்திரக் காணியை, "அற்றோணி எழுதியாவது" (அதிகாரப் பத்திரம் மூலமாவது) விற்றுத் தரும்படி கேட்கும் கட்சிக்காரர். வாங்குபவரும் விற்பவரும் சம்மதமாகவே வந்து உட்கார்ந்திருப்பார்கள். எழுதிக் கொடுத்தால் கட்டணம் கிடைக்கும். சில ஆண்டுகளில் அதே காணி 66 ஆம் பிரிவு வழக்காக நீதிமன்றத்துக்கு வரும், உங்கள் கையொப்பத்துடன். மறுத்துவிட்டு, பிரதேச செயலாளரின் முன்னனுமதி பெற வழியுண்டா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

சத்தியப்பிரமாணம் செய்த முதல் ஆண்டில் எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பணத்தில். கட்சிக்காரர் தரும் ஒவ்வொரு தொகைக்கும் பற்றுச்சீட்டு எழுதுங்கள். நீதிமன்றக் கட்டணத்துக்குத் தந்த பணத்தையும் உங்கள் கட்டணத்தையும் ஒரே சட்டைப் பையில் போடாதீர்கள். வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பும் பணத்தில் நடக்கும் வழக்குகளில் இது இன்னும் முக்கியம்: பணம் தருபவர் ஒருவர், கட்சிக்காரர் வேறொருவர். அறிவுறுத்தலைக் கட்சிக்காரரிடமிருந்து மட்டும் பெறுங்கள். ரொறன்ரோவிலிருந்து இரவில் வட்ஸ்அப்பில் வரும் கட்டளைகளின்படி முல்லைத்தீவில் வழக்கு நடத்த முடியாது.

அடுத்தது தவணைக் குறிப்பேடு. கைத்தொலைபேசியில் குறித்தாலும் ஒரு கொப்பியிலும் எழுதுங்கள். வழக்கிலக்கம், அன்று நடந்தது, அடுத்த தவணை, அதற்கு முன் செய்ய வேண்டியது என்று. நீதிமன்றப் பதிவறை உத்தியோகத்தர்கள், முகவரிக்கு அழைப்பாணை கொண்டுபோகும் பிஸ்கால் உத்தியோகத்தர்கள், கிராம அலுவலர் ஆகியோரிடம் மரியாதையாகப் பழகுங்கள். பழைய வழக்கேடு எங்கே கிடக்கின்றது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

முகநூலில் உங்கள் வெற்றிகளை விளம்பரப்படுத்த வேண்டாம். சட்டத்தரணிகளின் நடத்தையும் ஒழுக்கமும் பற்றிய 1988 ஆம் ஆண்டின் உயர் நீதிமன்ற விதிகளைப் பலர் சத்தியப்பிரமாணத்துக்குப் பிறகு வாசிப்பதே இல்லை. தரகர் வைத்து வழக்குப் பிடிப்பதும் அவ்விதிகளுக்கு முரணானது.

இணையவழி நேர்முகத்துக்கு ஊரில் சிக்னல் கிடைப்பதில்லை. என்ன செய்வது?

முதல் நாளே சொல்லிவிடுங்கள். மின்னஞ்சலில் மாற்றுத் தொலைபேசி இலக்கத்தையும் கொடுத்து, இடையில் அறுந்தால் அந்த இலக்கத்துக்கு அழைக்கும்படி கேளுங்கள். பிரதேச சபை நூலகத்தில் இடம் கேட்டுப் பார்க்கலாம். தெரிந்த சட்டத்தரணியின் அலுவலகமும் உதவும்.

பல இடங்களில் முயன்றும் எடுக்கப்படவில்லை. காரணத்தைக் கேட்கலாமா?

கேட்கலாம். கடிதம் சுருக்கமாக இருக்கட்டும்: நேரம் ஒதுக்கியதற்கு நன்றி, எந்த இடத்தில் நான் மேம்பட வேண்டும் என்று ஒரு வரியில் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும், அவ்வளவுதான். பெரும்பாலும் பதில் வராது. வன்னியில் ஒரு பதவிக்கு வரும் விண்ணப்பங்கள் மிகுதி. அதில் உள்ளூர் ஒருவருக்கு முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்த வேளைகளும் இல்லாமலில்லை. அரச பதவியாக இருந்து, தெரிவில் முறைகேடு நடந்தது என்று நம்பக் காரணம் இருந்தால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் உங்கள் புள்ளிகளையும் புள்ளியிடும் திட்டத்தையும் கேட்டு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்தை அந்தப் பகிரங்க அதிகாரசபையின் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள், கையளித்ததற்குப் பற்றுச்சீட்டு வாங்குங்கள், மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு செய்யுங்கள்.